நடுவு நிலைமையும் நம் வகுப்பறையும்

மக்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து வாதிடும் அரசியற் பொருள்களைப் பள்ளி வகுப்பிற் கற்பிக்கலாமோ? கற்பிக்கலாமெனின் எம்முறையிற் கற்பித்தல் வேண்டும்? ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளும் அவாவுடைய மாணவர் பலர் நம் கல்லூரியில் உளர். அத்தொழிலில் முன்னரே சிறந்து விளங்கும் பழைய மாணவரும் பலர் இம்மலரைக் கண்ணுறுவர். ஆதலின் இவ்வினாவை அவர்கள்முன் வைக்கத் துணிந்தோம். பத்தொன்பது வயதினர் ஆசிரியர்க்கு அறிவுரை கூறுதல் தகுமோ என்பார்க்கு ஒன்று கூறுவோம்: அண்மைக் காலம்வரை வகுப்பறைப் பலகையில் அமர்ந்து கேட்டவர் யாமேயாதலின், கேட்போர் பக்கத்துக் குறையை யாம் நன்கறிவோம்.

எம் ஊர் நைனார்பாளையம். அது கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டத்தைச் சார்ந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில்; அதற்குமுன் விழுப்புரம் மாவட்டத்தும், 1993க்குமுன் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தும் எம் ஊர் அடங்கியிருந்தது. மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. விடியற்காலையில் தேநீர்க் கடையிற் செய்தித்தாள் வந்து விழுந்ததும் ஒருவர் உரக்கப் படிப்பார், நால்வர் மறுத்துரைப்பார், வெயில் ஏறுமுன் மந்திரிசபையே இருமுறை கவிழ்ந்து எழும். அரசியல் பேசப்படாத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவே வகுப்பறை.

யாம் பள்ளியிற் பயின்ற காலத்து நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். சமூக அறிவியல் நூலில் மொழிப் போராட்டம் பற்றிய பகுதி வந்தது. ஆசிரியர், “ஆண்டையும் பெயரையும் கோடிட்டுக் கொள்ளுங்கள்; மற்றவை வேண்டா; அரசியல் நமக்கெதற்கு?” என்று சொல்லி அடுத்த பாடத்திற்குச் சென்றார். அன்று மாலை பேருந்தில் எம் வகுப்புத் தோழர் இருவர் அப்பொருள் பற்றியே சொல்லாடினர். ஒருவனுடைய தமையனார் மும்பையில் வேலைக்குச் சென்று, இந்தி அறியாமையால் இடர்ப்பட்டுத் திரும்பியவர். மற்றவனுடைய பாட்டனார் 1965ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் சிறை சென்றவர். “உன் அண்ணன் பிழைக்கத் தெரியாதவன்” என்றான் ஒருவன். “உன் தாத்தா எங்கள் பிழைப்பைக் கெடுத்தவர்” என்றான் மற்றவன். அவ்விருவரும் அவ்வாண்டு முழுதும் ஒரே பலகையில் அமரவில்லை. இருவர் சொல்லிலும் ஓருண்மை இருந்தது. அவ்விரண்டையும் ஓரிடத்து வைத்துக் காட்டவல்லார் அவ்வகுப்பில் ஒருவரே; அவர் கோடிடச் சொல்லி அமைந்துவிட்டார்.

அவ்வாசிரியரை யாம் இகழோம். அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. பெற்றோர் முறையிடுவர், கட்சியார் வாயிலில் வந்து நிற்பர், மாற்றல் ஆணை வரும். அரசூழியர் கட்சி அரசியலிற் கலத்தலாகாது என்று 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் விலக்குகின்றன. அவ்விலக்கு நன்றே. ஆயினும் அது விலக்குவது கட்சிப் பணியையே, பாடத்தையன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலன்றோ வாய் மூடுதலே நடுவு நிலைமை என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியது!

இவ்வெண்ணம் ஓர் ஆசிரியரோடு நிற்கவில்லை. நாட்டை ஆள்வோரிடத்தும் உண்டு. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, சமச்சீர்க் கல்விப் புத்தகங்களை நிறுத்திவைக்கப் புதிய அரசு முற்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, ஆகஸ்டுத் திங்களில் அப்புத்தகங்களையே வழங்குமாறு தீர்ப்பாயிற்று. வழங்கப்பட்ட புத்தகங்களில் முந்தைய முதலமைச்சரைச் சார்ந்த பகுதிகள்மேல் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அந்நாளில் பயின்ற எம் ஊர் அண்ணன்மார், அத்தாளை ஈரந்தொட்டு உரித்தும், பக்கத்தை வெயிலிற் பிடித்தும் படித்தமையை இன்றும் நகைத்துக் கூறுவர். மறைத்த பக்கமே மாணவர் விரும்பிப் படித்த பக்கமாயிற்று.

அடுத்த ஆண்டில், அதாவது 2012இல், நடுவணரசின் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவினர் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் நூலில் இருந்த கேலிச்சித்திரம் ஒன்று பூசலுக்கு இடமாயிற்று. 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியைப் பற்றி ஆர். கே. லட்சுமணன் வரைந்தது அது. உயிர் நீத்த மாணவரை அஃது இழிவுபடுத்துகின்றதென்று தமிழ்நாட்டுத் தலைவர் பலர் கண்டித்தனர். அவர் மனம் புண்பட்டது பொய்யன்று. அரசு அமைத்த தோரட் குழு அச்சித்திரத்தை நீக்குமாறு பரிந்துரைத்தது. அக்குழுவில் இருந்த வரலாற்றறிஞர் எம். எஸ். எஸ். பாண்டியன், தாம் தமிழராயிருந்தும், குழுவின் முடிவிற்கு உடன்படாது மாறுபட்டு எழுதினார். ஒரு சித்திரம் புண்படுத்துமெனின், அஃது ஏன் புண்படுத்துகின்றது, வரைந்தவர் எக்கண்கொண்டு நோக்கினார், இறந்தோரின் உற்றார் எக்கண்கொண்டு நோக்குவர் என்று வினவுதற்கு அதனினும் சிறந்த பாடம் கிடைக்குமோ? நீக்கியதால் அவ்வினாக்களும் உடன் நீங்கின.

மௌனம் ஒரு பிழை எனின், அதற்கு மறுதலையான பிழையும் ஒன்றுண்டு. எப்பொருளுக்கும் இரு பக்கம் உண்டென்று கொண்டு, இரண்டிற்கும் சரிபாதி நாழிகை அளந்து கொடுத்தலே அது. தீண்டாமை ஒழிக்கப்பட்டதென்று நம் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு கூறுகின்றது. அதனை வகுப்பில் வைத்து, “தீண்டாமை வேண்டும் என்பார் கூற்றும் கேட்போம்” என்று சம இடம் கொடுத்தல் நடுவு நிலைமையாகாது. பின்பலகையில் அமர்ந்து அதனாற் புண்பட்ட சிறுவனுக்குச் செய்யும் தீங்கேயாம். நிறைகோல் இரு தட்டையும் ஒப்பப் பிடிக்குமேயன்றி, இருபுறத்துப் பொருளும் ஒரே எடை என்று பொய் கூறாது.

ஆயின் உண்மையான நடுவு நிலைமை யாது? மெய்ம்மை வேறு, அதுபற்றிய தீர்ப்பு வேறு எனப் பிரித்துக் காட்டி, தீர்ப்பில் மாறுபடுவோர் ஒவ்வொருவர் கூற்றையும் அவரே கேட்பினும் ‘ஆம், இதுவே என் கருத்து’ என்று தலையசைக்குமாறு எடுத்துரைத்தலே அது என்பது எம் துணிபு.

எம் மாவட்டத்துத் துயர் ஒன்றையே சான்றாகக் கொள்வோம். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நஞ்சு கலந்த சாராயம் குடித்து அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். எம் மாவட்டத்து மாணவர் எவரும் இதனை அறியாதாரல்லர். மெத்தனால் கண்ணொளியையும் உயிரையும் பறிக்கும் என்பது மெய்ம்மை. அதிற் கட்சி இல்லை. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல்நாள் அந்நாளைய சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதற் புகுத்தப்பட்டது நம் அண்டையதாகிய சேலம் மாவட்டத்தில் என்பதும், 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டதென்பதும், 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையாக மது விற்று வருகின்றதென்பதும் மெய்ம்மையே. இனி, கடைகளை மூடுதலே மருந்து என்பாரும் உளர். மூடினாற் கள்ளச்சாராயமே பெருகும் என்பாரும் உளர். மது வருவாயின்றி நலத்திட்டங்கள் நடவா என்பாரும், குடித்துக் கெட்ட குடும்பத்தின் இழப்பை எக்கணக்கில் எழுதுவீர் என்று வினவுவாரும் உளர். இவை தீர்ப்புகள். முன்னதை ஆசிரியர் ஐயமறக் கற்பித்தல் வேண்டும். பின்னதை மாணவர் முன் திறந்து வைத்தல் வேண்டும். ‘இது கட்சிச் சண்டை’ என்று முழுப்பொருளையும் மூடிவிடின், மெத்தனாலைப் பற்றிய மெய்ம்மையும் அதனோடு மூடப்படுமன்றோ?

இனி எம் நெஞ்சிற்கு மிக அணித்தாகிய மொழிப் பொருளிலேயே இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்போம். தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் யாம் எப்பக்கத்தார் என்பதை எவரும் எளிதில் ஊகிப்பர். ஆதலின் மறுபக்கத்தார் கூற்றை முதலில் உரைத்தல் எம் கடமை.

1938ஆம் ஆண்டு ஏப்பிரலில் முதலமைச்சர் இராஜகோபாலாச்சாரியார் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாய பாடமாக்கினார். அவர் கருத்து யாது? விடுதலை வேண்டி நிற்கும் ஒரு நாட்டின் மக்கள் தம்முள் உரையாடுதற்கு அயலார் மொழியையே நம்பி இருத்தல் தகாது. பெரும்பாலார் பேசும் ஒரு மொழியை இளமையிற் சிறிதளவு கற்பின், பிழைப்பிற்கும் ஒருமைப்பாட்டிற்கும் அது துணையாகும். தாய்மொழிக்கு அதனால் இழுக்கில்லை என்பதே. சென்னையில் 1918ஆம் ஆண்டிலேயே காந்தியடிகள் முயற்சியால் இந்திப் பிரசார சபை தோன்றிற்று. தமிழர் பலர் அதில் விரும்பிக் கற்றனர். இக்கருத்துடையார் அனைவரும் தமிழ்ப் பகைவர் என்றல் வரலாறாகாது.

எதிர்த்தோர் கருத்து யாது? விரும்பிக் கற்றல் வேறு, கட்டாயத்தாற் கற்றல் வேறு. ஒரு சாராரின் தாய்மொழி ஆட்சிமொழியாகுங்கால், அவர் பிள்ளைகள் பிறப்பாற் பெறும் வாய்ப்பை ஏனையோர் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காய் உழைத்துப் பெறுதல் வேண்டும். அச்சுமை சமமன்று என்பதே. பெரியாரும், மறைமலையடிகளும், நாவலர் சோமசுந்தர பாரதியாரும் சமயக் கொள்கையில் வேறுபட்டவராயினும் இதில் ஒருங்கு நின்றனர். ஆயிரவர்க்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939ஆம் ஆண்டிற் சிறைவாசத்தினிடையே உயிர் நீத்தனர். 1940 பிப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

1965ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இந்தியே ஆட்சிமொழியாகும் நாள் என வந்தபோது கிளர்ச்சி மீண்டும் மூண்டது. மறுநாள், நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் திருப்பூரில் காவல்துறை உதவி ஆய்வாளர் இருவரைக் கூட்டத்தார் உயிரோடு எரித்தனர். எம் பக்கத்தார் கூட்டங்களில் முன்னவர் பெயரே கேட்கப்படும். பின்னவரைச் சொல்வார் அரியர். வகுப்பறையில் மூவரும் சொல்லப்படல் வேண்டும். அவ்விருவரைச் சொல்வதால் இராசேந்திரனின் உயிர் மலிந்துவிடாது. சொல்லாமையால் நம் உண்மைதான் மலிந்துவிடும்.

மற்றொன்றும் மாணவர் அறியத்தக்கது. 1938இல் ஆணையிட்ட அவ்விராஜகோபாலாச்சாரியாரே பிற்காலத்தில் இந்தி மட்டும் ஆட்சிமொழியாதலை வன்மையாக எதிர்த்தார். அவர் மனம் மாறியது ஏன்? மாறியது அவரோ, காலமோ? இவ்வினாவிற்கு விடை தேடும் மாணவன், எதிர்க்கட்சியான் என்பவன் கல்லிற் செதுக்கிய உருவம் அல்லன் என்பதை உணர்வான். மாநிலச் சட்டமன்றம் 1968 ஜனவரியில் ஏற்ற இருமொழிக் கொள்கைக்கும், 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கூறும் மும்மொழிக்கும் இடையிலான வழக்கினை அவன் இனித் தன் கண்கொண்டு நோக்குவான். பேருந்திற் பகைத்த எம் தோழர் இருவரும் இப்பாடத்தைக் கேட்டிருப்பின், மாறுபட்டே இருந்திருப்பர். ஆயினும் ஒரே பலகையில் அமர்ந்து மாறுபட்டிருப்பர்.

பிறர்க்குக் கூறிய இவ்வளவுகோல் கிறிஸ்தவராகிய நமக்கும் பொருந்துமோ? தென் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைக் கலகத்தை நாம் பெருமையோடு கூறுவோம். மேலாடை அணிய உரிமையற்றிருந்த சாணார் குலப் பெண்டிர் பொருட்டு மிஷனரிமார் நின்றதும், சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்த, 1859ஆம் ஆண்டு ஜூலையில் மன்னர் ஆணை பிறந்ததும் மெய்ம்மையே. ஆயின் அவ்வாணையும் உயர்குலத்தார் அணியுமாறே அணிதலை விலக்கிற்று. கிறிஸ்தவரல்லாத ஐயா வைகுண்டர் அம்மக்களிடையே மூட்டிய தன்மதிப்பை விடுத்து மிஷனரிமாரை மட்டும் புகழ்ந்தால் அது பாதி வரலாறு. இப்பொருள் பற்றிய பகுதி ஒன்பதாம் வகுப்பு நூலில் இருந்தது. அது தம் குலத்தை வந்தேறியராகவும் தாழ்ந்தோராகவும் காட்டுகின்றதென்று நாடார் குலத்தார் பலர் வருந்தினர், வழக்கும் நடந்தது, 2016 டிசம்பரில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் அப்பகுதியைப் பாடத்தினின்று நீக்கிற்று. பிழை இருந்த வரியைத் திருத்துவதே முறை. அப்பெண்டிரின் போராட்டத்தையே பாடத்தினின்று எடுத்தல் அவர்க்குச் செய்த சிறப்பாகுமோ?

இவ்வளவுகோல் நாட்டில் நடைமுறைக்கு வருமோ என்பார்க்கு ஜெர்மனியைக் காட்டுவோம். ஹிட்லர் ஆட்சியில் வகுப்பறையே கட்சி மேடையானதன் கேட்டினை அந்நாட்டார் கண்டவர். 1976ஆம் ஆண்டில் வேறுபட்ட அரசியற் கொள்கையுடைய கல்வியாளர் பாய்ட்டல்ஸ்பாக் என்னும் சிற்றூரிற் கூடினர். அக்கூட்டத்தின் பயனாக மூன்று நெறிகள் வகுக்கப்பட்டன. ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மேற் சுமத்தி அவரை மலைக்கச் செய்தலாகாது. அறிவுலகிலும் அரசியலிலும் வழக்காடப்படும் பொருள் வகுப்பிலும் வழக்காடப்படும் பொருளாகவே தோன்றுதல் வேண்டும். மாணவன் தன் நிலையைத் தானே ஆராய்ந்து காணும் ஆற்றல் பெறுதல் வேண்டும் என்பன அவை. இன்று அவ்வூர்ப் பெயராலேயே அந்நெறிகள் வழங்குகின்றன. ஒரு சிற்றூர்க்கு அப்புகழ் வாய்க்குமெனின் நைனார்பாளையத்திற்கு வாய்த்தலும் அரிதன்று.

அயல்நாட்டு நெறியை இங்கு நடுவானேன் என்பார்க்குத் தமிழே விடை கூறும். மணிமேகலை பல சமயக் கணக்கர் கொள்கைகளையும் கேட்டறிவதற்கென்றே அக்காப்பியத்தில் ஒரு காதை அமைந்துள்ளது. சிவஞான சித்தியார் பிறர் மதங்களைப் பரபக்கத்தில் விரித்த பின்னரே தன் மதத்தைச் சுபக்கத்தில் நாட்டுகின்றது. நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்களுள் பிறர் கொள்கையை ஏற்று நின்று பின் களைதலையும் நன்னூல் எண்ணுகின்றது. மறுக்கப்படுவான் கூற்றை முதலில் முழுதுரையாதவன் மறுக்கவும் தகான் என்பது நம் முன்னோர் வழக்கு. நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர்.

ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லவே கூடாதோ என வினவலாம். இரு பக்கமும் உரைத்த பின், மாணவர் கேட்பின், ‘இஃது என் கருத்து, நீ மாறுபடலாம், மாறுபட்டு எழுதினும் மதிப்பெண் குறையாது’ என்று கூறுதலிற் பிழையில்லை. கருத்தே இல்லாதார் போல் நடித்தலினும் அது நேரிது. கருத்தை மறைத்து, விடைத்தாள் திருத்துங்கால் அதனை வெளிப்படுத்துதலே கொடிது.

நாம் வகுப்பில் வாய் மூடினால் மாணவன் அறியாதவனாய் இருந்துவிடுவான் என்று எண்ணற்க. அவன் கையிலுள்ள பேசி இரவெல்லாம் அவனுக்குப் பாடம் நடத்துகின்றது. அவ்வாசிரியர்க்கு மறுபக்கம் என்பதொன்று இல்லை. அவன் எதை விரும்புவான் என்றறிந்து அதனையே மேன்மேலும் ஊட்டுவார். சாதிக் கயிறு கட்டிய கையோடு பள்ளிக்கு வரும் சிறுவன் அதனைப் பாடநூலிற் கற்றிலன். ஊரில் அவனை வேறு பக்கத்தாரோடு ஒருங்கு அமர்த்தவல்ல இடம் வகுப்பறை ஒன்றே. அதனையும் நாம் வெறும் கோடிடும் இடமாக்கிவிடின், அவன் பிறன் ஒருவன் கூற்றைப் பொறுமையோடு கேட்கப் பழகும் இடம் வேறு எங்குளது?

ஆதலின் ஆசிரியராகப் போகும் தோழர்காள், ஒன்று செய்வோம். நாம் எக்கொள்கையை உயிரென மதிக்கின்றோமோ, அதற்கு மறுதலைக் கொள்கையை வகுப்பிற் சொல்ல வேண்டிய நாளில், அக்கொள்கையுடையார் ஒருவர் பின்பலகையில் அமர்ந்து கேட்பதாக எண்ணிக்கொண்டு சொல்வோம். அவர் எழுந்து போகாமல் இறுதிவரை அமர்ந்திருப்பாராயின் நாம் ஆசிரியர்.